துருப் பிடிக்காத கம்பித்தட்டு

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் காலையிலிருந்து என் நெஞ்சு படபடப்பு இன்னும் அடங்கவில்லை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி.

நீ விழுப்புரத்திலிருந்து போட்ட கார்டு நேற்றுச் சாயங்காலம் வந்தது. சர்வே ஆட்களோடு கல்வராயன் மலைக்குப் போகப்போகிறாய், கூடாரத்தில் தங்கல், சமையலுக்கு ஆள் கிடையாது, முறை வைத்து நீங்களே பொங்கித் தின்ன வேண்டும், எல்லாவற்றையும் முதுகில் சுமந்து ஏற வேண்டும், அதனால் சட்டிபானையைக் குறைத்துக்கொண்டு, மூன்று கல்லின்மேல் வைத்துச் சுட்டுத் தின்ன லேசாக ஒரு கம்பித்தட்டு வாங்கலாமென்று இருக்கிறேன், எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருந்தாய். வீட்டில் இருந்தவரைக்கும் ஒரு கத்தரிக்காயின் காம்பைக்கூடக் கிள்ளிப் போடாத பிள்ளை கம்பித்தட்டைப் பற்றி யோசிக்கிறானே என்று சிரித்தேன். கார்டை உன் அப்பா வாங்கிப் படித்தார். படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மலைக்குப் போகிற பிள்ளையை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று நானும் விட்டுவிட்டேன்.

இன்று காலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வீட்டுக்குள் நுழையப் போனேன். உன் அப்பா வேப்பமரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குறட்டால் கம்பியை வளைத்துப் பின்னிக்கொண்டிருந்தார். வெள்ளைக் கம்பி. மின்சார லைன் வேலையில் மிச்சமாகிற துண்டுக் கம்பி. வெயில் பட்டுப் பளபளவென்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே பின்னல், அதே அளவு, ஓரத்தில் பிடித்துத் தூக்க அதே வளையம். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கை அதை மறக்கவில்லை.

“இன்னாங்க பண்றீங்க?” என்று கேட்டேன்.

“பையனுக்குத்தான். கடையில விக்கறது ஒவ்வொண்ணும் மம்முட்டி கனம் கனக்குது. அத்தத் தூக்கிக்கினு மலை ஏறுவானா அவன்? இத்தத் தூக்கிப் பாரு. முறம் கனம்கூட இல்ல. மழையில போட்டாலும் துரு புடிக்காது.” அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கம்பியைத் தடவிக்கொண்டே சொன்னார்: “அஞ்சலைக்குச் செஞ்சேனே, அதே மாதிரி. ஏரிக்கரையில உக்காந்துக்கினு எவ்ளோ ஆசையா தின்னா கொயந்தே. அந்த மூஞ்சி இன்னும் கண்ணுலயே நிக்குது.”

நான் உள்ளே வந்து கதவோரம் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே இதை எழுதுகிறேன். உன் அப்பா வெளியில் கம்பியைத் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அஞ்சலை என்று உனக்கு ஒரு அக்கா இருந்தாள், நீ கைக்குழந்தையாக இருந்தபோது மேல்மலையனூர் போய்த் திரும்புகிற வழியில் காலரா கண்டு போய்விட்டாள் என்பது உனக்குத் தெரியும். அதற்குமேல் நீ கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. இப்போது சொல்லியாக வேண்டும். உன் உயிரும், உன்னோடு ஒரே அடுப்பில் சாப்பிடப் போகிற ஆட்களின் உயிரும் இதில் இருக்கிறது. இன்னொரு மனுஷனுடைய உயிரும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உனக்கு முதல் முடி அங்காளம்மனுக்கு என்று வேண்டுதல். அப்போது நாங்கள் ஒலக்கூர்ப் பக்கம் இருந்தோம். உன் அப்பா மின்சார லைன் இழுக்கிற கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தார். எங்கள் பக்கத்து ஊர்களுக்கு அப்போதுதான் கம்பம் நட ஆரம்பித்திருந்தார்கள். அந்தக் கம்பியை நாங்கள் அதற்குமுன் பார்த்ததே இல்லை. கொல்லனிடம் வாங்குகிற இரும்பெல்லாம் கறுப்பு, இரண்டு மழைக்குத் துரு ஏறிவிடும். இது வெள்ளி மாதிரி மின்னியது. அமாவாசைக்கு வண்டி கட்டிக்கொண்டு போகிறோம், வழியில் தங்கித் தங்கிப் போக வேண்டும், ஏற்கெனவே வண்டியில் இடமில்லை, தோசைக்கல்லும் இரும்புச் சட்டியும் வேண்டாம் என்று சொல்லி, துண்டுக் கம்பிகளைச் சேர்த்து எனக்கு ஒரு தட்டுப் பின்னிக் கொடுத்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் கையால் எனக்குச் செய்து கொடுத்த முதல் சாமான் அது. பெருமை பிடிபடவில்லை எனக்கு. அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர்களில் ஒருத்தி கேட்டாள், “மேல பூசினுக்கறது இன்னா இது?” என்று. உன் அப்பா, மேஸ்திரி சொன்னதைத் திருப்பிச் சொன்னார்: “ஈயம் பூசின கம்பி.” அந்த ஒரு வார்த்தைதான் எங்களைக் கவிழ்த்தது. நீ ஆண்பிள்ளை, உனக்கு இது புரியும்படி சொல்ல வேண்டும். பித்தளைப் பாத்திரத்தில் புளி ஊற்றிச் சமைத்தால் களிம்பு ஏறும், அது விஷம். அதனால்தான் பொங்கலுக்கு முன்னால் ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வந்தால் பெண்கள் எல்லாப் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு ஓடுவோம். உள்ளே வெள்ளையாக ஈயம் ஏறிவிட்டால் அப்புறம் ரசம் வை, புளிக்குழம்பு வை, ஒரு பயமும் இல்லை. ஈயம் என்று காதில் விழுந்தால் புளிப்புக்கு நல்லது என்றுதான் எங்கள் கைக்குத் தெரியும். வெள்ளையாகப் பூசியிருப்பது வேறு ஒன்றாகவும் இருக்கும் என்று யார் கண்டார்கள்? மேஸ்திரிக்கே தெரியாது.

கோயிலுக்குப் போகிறவரை அதில் ஒன்றும் சுடவில்லை, கட்டுச்சோறே இருந்தது. முடி இறக்கி, பொங்கல் வைத்து, கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். நீ மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வண்டி முழுவதும் தவழ்ந்துகொண்டு வந்தாய். செஞ்சி தாண்டுவதற்கு முன்னால் ஒரு ஏரிக்கரையில் கெண்டைமீன் விற்றார்கள். விரதம்தான் முடிந்துவிட்டதே என்று உன் அப்பா வாங்கினார். உச்சிப்பொழுதில் மீனைக் கழுவி, உப்பும் மிளகாயும் கெட்டிப் புளியும் அரைத்துத் தடவி, அந்தத் தட்டின்மேலேயே பரப்பி, தாமரை இலை போட்டு மூடி, வண்டிக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டேன். நன்றாக ஊறட்டும் என்று. ஊறியது. பொழுது சாயும்போது அடுத்த ஏரிக்கரையில் வண்டியை அவிழ்த்து, மூன்று கல் வைத்து, கடலை பறித்துப்போட்ட மல்லாட்டைக் கொடியும் முள்ளும் போட்டு மூட்டி, தட்டைத் தூக்கி மேலே வைத்தோம். கம்பியின் பளபளப்பு மங்கி, சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. புளி பட்டால் பாத்திரம் நிறம் மாறும்தானே என்று நினைத்தேன்.

அஞ்சலைக்கு அப்போது நாலு வயசு முடிந்திருந்தது. உன்னைப் போல அழுமூஞ்சி இல்லை, எதற்கும் சிரிப்பாள். அவளுக்கு மீன்மேல் அவ்வளவு ஆசை. உன் அப்பா தன் பங்கில் முள் எடுத்து எடுத்து அவள் வாயில் ஊட்டினார், தான் சரியாகத் தின்னவே இல்லை. மீன் தீர்ந்ததும் அவள் ஆறின தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கம்பியில் காய்ந்து ஒட்டியிருந்த புளியை நாக்கால் வழித்தாள். “புளிப்பா கீதும்மா, நல்லாக்கீது” என்றாள். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் கண்ணில் நிற்கிற மூஞ்சி அதுதான்.

வண்டியைத் திரும்பக் கட்டுவதற்குள் அவள் வாந்தி எடுத்தாள். பிறகு நான். பிறகு உன் அப்பா. உனக்கு மட்டும் ஒன்றுமில்லை, நீ அன்றைக்குத் தாய்ப்பால் தவிர வேறு எதையும் வாயில் வைக்கவில்லை. செஞ்சிக்குள் நுழைந்ததும் திருவிழா போய்த் திரும்புகிற வண்டி, மூன்று பேருக்கு வாந்தி என்று கேட்டதுமே ஜனங்கள் விலகி ஓடினார்கள். காலரா பயம் அப்படி. யாரோ போய்ச் சொல்லி, ஊசி போடுகிறவர்கள் வந்து ஊருக்கு வெளியே இருந்த கீற்றுக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பாயையும் துணியையும் கொளுத்தினார்கள். கம்பித்தட்டு எங்கே போனதென்று யாருக்குத் தெரியும்? அதைப் பற்றி நினைக்கிற நிலைமையிலா இருந்தோம்?

அவள் தண்ணீர் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். வாந்தி எடுக்கிற குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் எடுக்கும் என்று அங்கே இருந்த எல்லோரும் சொன்னார்கள். உதட்டை மட்டும் நனைத்தோம். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் அடங்கிவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. இது எப்படி நடந்தது, இப்போதுதானே சிரித்துக்கொண்டிருந்தாள், இப்போதுதானே தட்டை வழித்தாள் என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் திகைப்பு ஒரு வருஷம் இருந்தது. உனக்குப் பால் கொடுத்தேன், சோறு ஆக்கினேன், களை எடுத்தேன், எல்லாவற்றையும் வேறு யாரோ செய்வது போலச் செய்தேன். உன் அப்பா, “அம்மன் எடுத்துக்கினா, நாம இன்னா செய்ய முடியும்” என்று ஒரே ஒருமுறை சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷன் எழுந்து நின்றார், வேலைக்குப் போனார், உன்னைப் படிக்க வைத்தார்.

நீ திண்டிவனத்தில் ஹைஸ்கூல் சேர்ந்த சமயம், ஒலக்கூரில் ஒரு கல்யாணம். உன் அப்பா வேலைக்குப் போய்விட்டார், நான் மட்டும் போனேன். வெயில் காலம் என்று புளியும் வெல்லமும் கரைத்துப் பானகம் செய்து, புது வெள்ளை வாளிகளில் காலையிலேயே ஊற்றி வைத்திருந்தார்கள். குடித்தவர்கள் பந்தலிலேயே வாந்தி எடுத்தார்கள். செய்வினை என்றார்கள், காலரா என்றார்கள், சம்பந்தி வீட்டார் சண்டைக்கு நின்றார்கள். முடியாதவர்களை வண்டியில் ஏற்றித் திண்டிவனத்துக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டரம்மா வந்தவர்களைப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டார். பானகம் என்றோம். அடுத்து அவர் கேட்ட கேள்வி, “எந்தப் பாத்திரத்துல வெச்சிருந்தீங்க?” என்பது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாத்திரத்தை எதற்குக் கேட்கிறார்?

நான்தான் சொன்னேன், “புது வாளிங்கம்மா, ஈயம் பூசினது, ஒண்ணும் ஆவாதுங்க” என்று. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அது ஈயம் இல்லம்மா. துத்தநாகம். இரும்பு துருப் பிடிக்காம இருக்கறதுக்குப் பூசறது. புளிப்பு பட்டா கரைஞ்சு சாப்பாட்டுல இறங்கிடும். தண்ணி எடுத்து வைங்க, அதுல புளியைக் கரைச்சு வைக்காதீங்க. நெருப்புலயும் காட்டாதீங்க. பெரியவங்க வாந்தி எடுத்துட்டுப் பொழைச்சுக்குவாங்க. சின்னக் குழந்தை தாங்குமா? காலரான்னு நெனச்சுக்கிட்டு எத்தனை பேரு இதை விட்டுடறாங்களோ” என்றார்.

மகனே, அந்த இடத்தில் நான் எப்படி நின்றேன் என்று எனக்குத் தெரியாது. டாக்டரம்மா என்னையும் பானகம் குடித்தவள் என்று நினைத்துப் பெஞ்சில் உட்கார வைத்தார். சாம்பல் பூத்த கம்பி, ஊறட்டும் என்று நான் தடவின புளி, அவள் நாக்கு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றது. கம்பியால் போனாளா, தண்ணீர் கொடுக்காமல் போனாளா, நிஜமாகவே காலராவா, அதை இனி எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அம்மன் எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தேன். உன் அப்பா, “கல்யாணம் எப்டி?” என்று கேட்டார். “பானகம் கெட்டுப்போயி ஒரே பேஜாரு” என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து இன்றுவரை அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தட்டை ஆசையாகப் பின்னின கை அவருடையது. முள் எடுத்து ஊட்டின கையும் அவருடையது. சொன்னால் அவர் தன் கையை வெட்டிப் போட்டுக்கொள்வார், உயிரையும் வைத்திருக்க மாட்டார், உனக்கு உன் அப்பாவைத் தெரியாதா? அம்மன் எடுத்துக்கொண்டாள் என்ற ஒரு ஆறுதலும், ஏரிக்கரையில் குழந்தை சிரித்துக்கொண்டே தின்றாள் என்ற ஒரு ஞாபகமும்தான் அவளைப் பற்றி அவரிடம் இருக்கிறது. இரண்டையும் நான் எப்படிப் பிடுங்குவேன்? வீட்டில் அந்த மாதிரி வாளியில் மோர்கூட ஊற்றவிடாமல் பார்த்துக்கொண்டேன், மண்சட்டிதான் ருசி என்று சாதித்தேன், பிடிவாதக்காரி என்று பெயர் வாங்கினேன். இனி இது வராது என்று நினைத்திருந்தேன். இன்று காலை வேப்பமரத்தடியில் வந்துவிட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அப்பா வாசற்படியில் வந்து நின்றார். “இன்னா எழுதிக்கினு இருக்கற இவ்ளோ நேரமா?” என்று கேட்டார். பையனுக்கு என்றேன். “எழுது. அப்பா நாயித்துக்கிழம வண்டியில வந்து நேரா குடுக்கறாருன்னு எழுது. துரு புடிக்காது, தைரியமா மழையில போடலாம்னு எழுது” என்றார். எழுதுகிறேன் என்றேன். எழுதிவிட்டேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். வெள்ளையாகப் பூசினது எதுவும் வேண்டாம், பெயின்ட் அடித்ததும் வேண்டாம். ஜங்ஷன் பக்கத்தில் அரிவாள் அடிக்கிற பட்டறை ஏதாவது இருக்கும், அங்கே போய் வெறும் கறுப்பு இரும்பில் கேள். பென்சில் பருமனுக்குமேல் கம்பி வேண்டாம், முழ நீளம் போதும், கத்தரிக்காய் நழுவி விழாத இடைவெளி விட்டுக் குறுக்கே இரண்டு கம்பி வைத்து அடித்துத் தரச் சொல். தட்டுக்குக் கால் வைக்கச் சொல்லாதே, நிறுத்தக் கல் எங்கும் கிடைக்கும், காலால்தான் கனம் ஏறும். முதல் தடவை நெருப்பில் நன்றாகக் காயவைத்து, மல்லாட்டை எண்ணெய் தடவி, மறுபடியும் காயவை. ஒவ்வொரு முறையும் சுட்டு முடித்ததும் துடைத்து எண்ணெய் தடவு. துருப் பிடித்தால் பிடிக்கட்டும், மணலில் தேய்த்தால் போய்விடும். அப்பா செய்கிறதைவிடக் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். தூக்கிக்கொண்டு ஏறு.

அதைப் பையில் அடியில் வைத்துவிடு, ஞாயிற்றுக்கிழமை அவர் கண்ணில் படக் கூடாது. அவர் கொண்டுவருவதை இரண்டு கையாலும் வாங்கிக்கொள். தூக்கிப் பார்த்துவிட்டு, ரொம்ப லேசாக இருக்கிறது என்று அவர் எதிரிலேயே உன் கூட்டாளிகளிடம் காட்டு. அவர் ரயில் ஏறிப் போகிறவரை கையிலேயே வைத்துக்கொண்டிரு. பிறகு அதை விற்காதே, யாருக்கும் கொடுக்காதே, வழியில் போடாதே. மலையில் அதைப் பொறுக்கி எடுக்கிற வீட்டிலும் குழந்தை இருக்கும். முதல் கூடாரம் போட்டதும் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, மேலே பாறாங்கல்லைப் புரட்டி வை. இந்தக் கடிதத்தை அடுப்பில் போடு. பெற்ற பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிற தாயாக இருக்கிறேன். இத்தனை வருஷம் நான் ஒருத்தி சுமந்தது போதும் என்றுதான் உனக்குச் சொல்கிறேனோ என்னவோ, அதுவும் எனக்குத் தெரியவில்லை.

லீவில் வீட்டுக்கு வரும்போது, நீ செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே உன் அப்பா கேட்பார், அதில் முதலில் என்ன சுட்டாய் என்று. மீன் என்று சொல். எல்லோரும் ஆசையாகத் தின்றார்கள் என்று சொல்.

அம்மா